கரடி காத்த யாழ்

பெரியவளுக்குக் காலையில் எழுந்ததும் பல் விளக்கத் தோன்றாது, கணினியைத் திறக்கத்தான் தோன்றும். இத்தனைக்கும் அவளுடைய பிழைப்பே பல்தான். ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில் இருக்கும் பட்டறையில் பொய்ப்பல் செட் செய்கிறவள். ஊரில் பாதிப் பேர் அவள் புண்ணியத்தில்தான் மென்று தின்கிறார்கள். அப்பேர்ப்பட்டவள் முகம்கூடக் கழுவாமல், தலையை அள்ளிச் செருகிக்கொண்டு, மேகநாட்டில் மழை பெய்கிறதா என்று பார்க்க உட்கார்ந்துவிடுவாள்.

மேகநாடு என்பது ஓர் ஆன்லைன் விளையாட்டு. அதில் மலை உண்டு, பூதம் உண்டு, வாள்சண்டை உண்டு. ஆனால் இவளும் இவள் கூட்டாளிகளும் வாளைத் தொட்டதே கிடையாது. அவர்களுடையது ஊர் ஊராகப் போய் வாசிக்கும் இசைக்குழு. தலைவி இவள், உருவம் கரடி, வாத்தியம் முரசு. இவள் தங்கை சின்னவள் ஒரு நாரை, அவளுக்கு யாழ். மூன்றாவது ஆள் டாக்சி ஓட்டும் ஒரு பெண். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைபேசியிலேயே வந்து புல்லாங்குழல் வாசிப்பாள். ஓயாமல் காதோரம் பேசிக்கொண்டே இருப்பதால் அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தது சின்னவள்தான்.

அந்த விளையாட்டைச் செய்த புண்ணியவான்களுக்கு வேறு வேலை இருக்கவில்லை போலும். வாளுக்குத் துருவைக்கூட வைக்காதவர்கள், வாத்தியத்துக்கு மட்டும் வெயில், மழை, பனி எல்லாவற்றையும் வைத்தார்கள். மழை பட்டால் முரசின் தோல் தொய்யும், யாழின் மரம் ஊதும், நரம்பு துருப்பிடிக்கும். வெயில் பட்டால் மரம் வெடிக்கும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வானிலை தன் பாட்டுக்கு நடக்கும். ஒவ்வொரு வாத்தியத்துக்கு மேலும் பச்சையாக ஒரு கோடு. அதுதான் அதன் உயிர். கோடு தேய்ந்து தீர்ந்தால் வாத்தியம் போய்விடும், அதைத் தேடித் திரும்பக் கொண்டுவர வழியில்லை. குழுவில் உள்ள யாரும் இன்னொருவர் வாத்தியத்தைத் துடைக்கலாம், மெழுகு பூசலாம், மெழுகுத் துணியால் சுற்றி வைக்கலாம். வாசிப்பது மட்டும் அதன் சொந்தக்காரர் உரிமை.

பெரியவள் சுற்றிச் சுற்றிக் காத்தது தன் முரசை அல்ல, சின்னவளின் யாழை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மூடி மறைக்க என்ன இருக்கிறது? அம்மா போனபோது சின்னவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சு இழுப்பு. அக்காதான் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். குளிர்காற்று என்றால் ஜன்னலைச் சாத்துவாள், தூசி என்றால் தெருவையே திட்டுவாள். சின்னவள் வளர்ந்து, நில அளவை படித்து, ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேர்ந்தாள். மலைமேல் சுரங்கப்பாதை வெட்டும் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். பனி பெய்யும் மலை. அவள் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் பெரியவள் அந்தக் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, "அவளுக்கு வீசிங் இருக்குங்க, குளிர் ஆகாது, ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்னுதான்" என்று சொன்னாள். ஒரு வார்த்தைதான் சொன்னாள். அவர்கள் வேறு ஆளை அனுப்பிவிட்டார்கள்.

சின்னவள் கத்தவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டாள். ஃபோனில் அக்கா எண்ணைத் தடுத்து வைத்தாள். படம் போடும் இடம், செய்தி அனுப்பும் இடம், எல்லாக் கதவையும் சாத்தினாள். மேகநாட்டில் மட்டும் குழுவை விட்டு விலகவில்லை. உறுப்பினர் பலகையில் நாரையின் பெயர் அப்படியே இருந்தது. 'வரவில்லை' என்று சாம்பல் நிறத்தில் இருந்தது, ஆனாலும் இருந்தது. யாழும் மேகநாட்டில் குழு தங்கும் மண்டபத்தில் இருந்தது. அது இருக்கும்வரை தங்கை முழுசாக அறுத்துக்கொள்ளவில்லை என்பது பெரியவளின் கணக்கு.

"ஏன்டீ, இல்லாத மழையில, இல்லாத யாழுக்கு, இல்லாத குடை பிடிச்சிட்டு இருக்கே. இங்க நிஜமாவே துணி காயப் போட்டிருக்கு, மழை வந்தாச்சு" என்பார் வீட்டுக்காரர். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன்.

"நீங்க எடுக்கக் கூடாதா? கை என்ன கடனா வாங்கி வச்சிருக்கீங்க?"

"எடுத்துட்டேன். சும்மா சொல்லிப் பார்த்தேன், காதுல விழுதான்னு."

இந்த நிலவரத்தில்தான் அந்தத் தலைவலி ஆரம்பித்தது. காலையில் யாழுக்கு மெழுகு பூசி, துணியால் இறுக்கிச் சுற்றி, சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் துணி அவிழ்ந்து கிடக்கும். யாழ் மண்டபத்தின் நடுவில் அம்போ என்று நிற்கும். அந்த மண்டபத்துக்குக் கூரை உண்டு, சுவர் ஒரு பக்கம்தான். சாரல் நேராக உள்ளே வரும். கோடு கொஞ்சம் தேய்ந்திருக்கும். மறுபடி துடைப்பாள், பூசுவாள், சுற்றுவாள். மறுநாளும் அதே கூத்து.

குழுவில் இருப்பது மூன்று பேர். ஒருத்தி வரவில்லை என்று பலகையே சொல்கிறது. மிச்சம் யார்?

"கொசு, நீதானே அவுக்குறே?"

"நான் எதுக்குக்கா அவுக்கப் போறேன்?" ஒலிவாங்கியில் கொசுவின் குரலோடு டாக்சி ஹாரனும் கேட்டது.

"அப்ப காத்து வந்து முடிச்சை அவுத்துச்சா?"

"அவுந்தா அவுந்துட்டுப் போகுது, விடுங்கக்கா. எப்பப் பார்த்தாலும் பொத்தி வச்சா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் காத்துப் படட்டுமே."

"உனக்கென்ன, ஒரு மூங்கில் குழலை வச்சிருக்கே. அது யாழ்டீ! ஒரு சாரல் தாங்காது. உன் பொருளா இருந்தா இப்படிப் பேசுவியா?"

கொசு ஏதோ சொல்ல வந்தாள். சொல்லாமல் விழுங்கினாள். "சவாரி வந்திருச்சுக்கா" என்று போய்விட்டாள். பெரியவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் ஓடுகிறாள் என்று நினைத்தாள். யார் நெஞ்சில் என்ன இருந்தது என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரக் கடைசியில் மேகநாட்டு வானிலைச் சக்கரம் கறுப்புக்குத் திரும்பியது. கருமழை வரப்போகிறது என்று அறிவிப்பு. கருமழை என்றால் சாதாரண மழை அல்ல. அதில் மெழுகும் கரையும், துணியும் ஊறும். திறந்து கிடக்கும் வாத்தியம் ஒரு பொழுதுக்குள் தீர்ந்துவிடும். பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரடி சேர்த்து வைத்திருந்த தேனையெல்லாம் மேகநாட்டுச் சந்தையில் கொடுத்து, இரும்புப் பட்டை போட்ட ஒரு பெட்டியும் தலைவர் பூட்டும் வாங்கினாள். யாழுக்கு இரண்டு பூச்சு மெழுகு, மேலே துணி, அதற்கு மேல் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. பூட்டும்போது திரை ஒரு கேள்வி கேட்டது: 'இதைக் குழுத்தலைவர் தவிர எவரும் திறக்க இயலாது, உரிமையாளர் உட்பட. சம்மதமா?'

வராத உரிமையாளருக்கு என்ன வந்தது? சம்மதம் என்று அழுத்தினாள். வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகக் குளித்து, நிம்மதியாகப் பல் விளக்கி, வேலைக்குப் போனாள்.

நிம்மதி மருத்துவமனை வாசல் வரைதான் வந்தது. பட்டறையில் உட்கார்ந்ததும் பழையபடி மனசு பரபரவென்று ஆகிவிட்டது. பூட்டு சரியாக விழுந்ததா? பெட்டிக்குள்ளே ஈரம் இருந்து பூஞ்சணம் பிடித்தால்? அவளுடைய கைபேசி கிழடு, அதில் விளையாட்டு ஓடாது. அறிவிப்பு மட்டும் வரும். அச்சு மாவைக் குழைப்பாள், கைபேசியைப் பார்ப்பாள். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாகப் பதிப்பாள், கைபேசியைப் பார்ப்பாள். கடைவாய்ப்பல்லை நட்டுவிட்டு ஜன்னல் வரை போய் வானத்தைப் பார்த்தாள். அங்கே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எந்த வானத்தைப் பார்க்கிறோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

டாக்டரம்மா ஒரு பல் செட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

"இது யாரோட மேல்பல்லு?"

"அந்த ரிட்டயர்ட் வாத்தியாரோடது டாக்டர்."

"அவர் வாயில வச்சேன். உதட்டை மூட முடியல. சிரிச்சிட்டே திட்டுறார் மனுஷன். அவர் கீழ்ப்பல்லுக்கு யாரோ ஒரு அம்மாவோட மேல்பல்லைக் கட்டிக் கொடுத்திருக்கே."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பிசகு நடந்ததில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அதிர்ந்தது.

'நாரை குழுவிலிருந்து விலகியது. அதன் பொருள் முற்றத்தில் வைக்கப்பட்டுள்ளது.'

படித்தாள். புரியவில்லை. மறுபடி படித்தாள். வராதவள் எப்படி விலகுவாள்? அதற்குள் கொசுவிடமிருந்து குரல் செய்தி வந்து விழுந்தது. டாக்டரம்மா எதிரில் நிற்கிறார் என்பதையே மறந்து, அதைக் காதில் வைத்தாள்.

"அக்கா, என்னக்கா பண்ணி வச்சிட்டீங்க! யாழை எதுக்குக்கா பூட்டினீங்க? உங்க தங்கச்சி தினம் மத்தியானம் வருவாங்கக்கா. சாப்பாட்டு நேரத்துல. பேரை மறைச்சு வச்சுட்டு வருவாங்க, அதான் பலகையில தெரியாது. துணியை அவுப்பாங்க, ஒரு பாட்டு வாசிப்பாங்க, போயிருவாங்க. அக்காகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நேத்துகூடக் கேட்டாங்க, 'தினம் யாரு இவ்ளோ அழகா மெழுகு பூசுறா'ன்னு. தெரியாத மாதிரி கேட்டு, தெரிஞ்ச மாதிரி சிரிச்சாங்க. இன்னிக்கு வந்து பூட்டைப் பார்த்தாங்கக்கா. தலைவர் பூட்டு. 'சரி, இங்கயும் என்னை உள்ள வைக்கப் பார்க்குறா' அப்படின்னாங்க. போயிட்டாங்கக்கா."

பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினம் வந்திருக்கிறாள். தான் கட்டிய முடிச்சைத் தினம் அவிழ்த்தது அவள் விரல்தான். அது தெரியாமல் கொசுவைத் திட்டி, தேனை விற்று, சம்மதம் என்று அழுத்தி, தானே தங்கையை வெளியே தள்ளியாகிவிட்டது. இப்போது யாழ் முற்றத்தில், வானத்துக்குக் கீழே. கருமழையில்.

"நான் வீட்டுக்குப் போகணும் டாக்டர்."

"ஏன், என்னாச்சு? யாருக்கு என்ன?"

"யாழ் நனையுது டாக்டர்."

டாக்டரம்மா கையிலிருந்த பல் செட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கணினி வழக்கம்போல் ஆடி அசைந்து விழித்தது. "சீக்கிரம் வாயேன், சனியனே" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

மேகநாட்டில் மழை கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் வெறும் பெட்டி. முற்றத்தின் சேற்றில் யாழ் சாய்ந்து கிடந்தது. மெழுகு அநேகமாகக் கரைந்திருந்தது, பச்சைக் கோடு மஞ்சளாகிப் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. கரடி ஓடிப்போய் அதைத் தூக்கப் பார்த்தது. 'இப்பொருள் உங்கள் குழுவுக்குரியது அல்ல' என்றது திரை. துடைக்கப் பார்த்தாள், அதே பதில். சுற்றப் பார்த்தாள்; அதே பதில்.

"எது என் குழுவுக்குரியது இல்ல? நான் வளர்த்த பொண்ணுடா அவ!" என்று திரையைப் பார்த்து அலறினாள். அலறினால் மட்டும் அதற்குக் கேட்குமா?

கரடிகளுக்கு ஒரு போர்வை உண்டு. அடிபட்டுக் கிடக்கும் தோழர்கள் மேல் விரிப்பதற்கானது. தோழர் என்றில்லை, காலடியில் எது கிடந்தாலும் மூடும். ஒரே ஒரு சங்கடம்: விசைப்பலகையில் அதற்கான விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் கரடி அதை விரித்துப் பிடிக்கும். விரலை எடுத்தால் சுருட்டிக்கொள்ளும். பெரியவள் யாழுக்கு மேல் கரடியை நிறுத்தி விசையை அழுத்தினாள். போர்வை விரிந்தது. கோடு தேய்வது நின்றது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எவ்வளவு நேரம் இப்படி?" என்றார் வீட்டுக்காரர்.

"அவ வர்ற வரைக்கும்."

"வரலைன்னா?"

அவள் கண்ணிலிருந்து நீர் தன் பாட்டுக்கு வழிந்தது, துடைக்க ஒரு கைதான் மிச்சம். அவர் ஒரு வாய் சோறு பிசைந்து நீட்டினார். தலையை ஆட்டி மறுத்தாள்.

"கொஞ்ச நேரம் நான் அழுத்துறேன், நீ சாப்பிடு."

"வேணாம். நீங்க தும்மினா விட்டுடுவீங்க."

அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

விரல் மரத்துப்போனது. அடுத்த விரலை மாற்றினாள். எழுந்து நடக்க வேண்டும்போல் காலெல்லாம் குடைந்தது, நடக்க முடியாது. கொசுவுக்கு மாத்திரம் ஒற்றைக் கையால் தட்டினாள்: 'அவகிட்ட சொல்லு. அக்கா முற்றத்துல நிக்கிறேன்னு.' அப்புறம் யோசித்து, 'உன்னைத் திட்டினதுக்கு மன்னிச்சுக்கோ' என்றும் சேர்த்தாள்.

நாரை வந்தது. மழைக்குள்ளிருந்து நீளக் கால்களை எடுத்து வைத்து, சேற்றில் நடந்து, கரடிக்கு எதிரில் வந்து நின்றது. ஒலிவாங்கி திறந்த சத்தம் கேட்டது. இத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரல்.

"கையை எடுக்கா."

பெரியவளின் காதை என்ன சொல்ல! குரலைக் கேட்பதற்கு முன்னால் மூச்சைத்தான் கேட்டது. மூச்சு ஒழுங்காகப் போகிறதா? லேசாக ஒரு இழுப்பு. மாடி ஏறி வந்திருப்பாளோ? மருந்து கையில் இருக்கிறதா என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. நாக்கைக் கடித்து நிறுத்தினாள்.

"எடுத்தா நனையும்டீ" என்றாள்.

"தெரியும். நீ போர்த்திட்டு இருந்தா நான் தூக்க முடியாது. விளையாட்டோட விதி. அடியில இருக்குறது எனக்குத் தட்டுப்படாது."

"எடுத்துட்டுப் போயிருவியா?"

"கையை எடுக்கா."

எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் பெரியவளுக்குத் தோன்றியது. அப்புறம் பலகையில் சாம்பல் நிறப் பெயர்கூட இருக்காது. விரலை விசையிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தாள். போர்வை சுருண்டது. மழை யாழின் மேல் அடித்தது, கோடு உடனே தேய ஆரம்பித்தது. நாரை குனிந்து அதை எடுத்துக்கொண்டது.

போகவில்லை. மண்டபம் நாலு எட்டில்தான் இருந்தது, அதற்குள்ளும் போகவில்லை. அங்கேயே சேற்றில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியது. ஈர நரம்பு, சுருதி என்றால் கிலோ என்ன விலை என்று கேட்டது. ஒவ்வொரு மீட்டலும் முனகியது. ஒவ்வொரு மீட்டலுக்கும் கோடு தேய்ந்தது. பெரியவளின் கை விசைப்பலகைக்குப் போனது. இழுத்தாள். மறுபடி போனது. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். மூலையிலிருந்து வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், அவர்கூடக் கிண்டல் பண்ணவில்லை.

பாட்டுக்கு நடுவிலேயே சின்னவள் கேட்டாள்: "ஃபோன் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கலை."

"ஏன்?"

"கேட்டா நீ போறேன்னு சொல்லியிருப்பே."

யாழ் நின்றது. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "நான் பண்ணினது தப்புடீ. உன் நல்லதுக்குன்னு சொல்லிச் சொல்லி, என் பயத்துக்குப் பண்ணினேன். எனக்குத் தாங்காதுன்னு உன்னைத் தடுத்துட்டேன்."

நாரை எழுந்து மண்டபத்துக்குள் போனது. மிச்சமிருந்த கொஞ்சம் கோட்டோடு யாழைச் சுவரோரம் வைத்தது, துணி சுற்றவில்லை.

"வேற மலை கிடைச்சிருக்கு. அதைவிட உயரம். நானே கேட்டு வாங்கினேன். அடுத்த வாரம் கிளம்புறேன்."

அதைவிட உயரம் என்றால் அதைவிடக் குளிர். கம்பளி உண்டா, பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா, மூச்சு நின்றால் யாரைக் கூப்பிடுவாய், எத்தனை கேள்விகள் பெரியவளின் வாய்க்குள் முட்டி மோதின. எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள். விழுங்க முடிகிறதே என்று அவளுக்கே ஆச்சரியம்.

"எப்போ வண்டி?"

"ஏன், அந்த டிரைவருக்கும் ஃபோன் போடறதுக்கா?"

"இல்லடீ. வழியனுப்ப வரலாமான்னு கேக்கறேன்."

கேட்டுவிட்டாள். மறுபக்கத்தில் சின்னவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகையா, சளியா என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை.

"வாக்கா" என்றாள் சின்னவள். "ஆனா வெறுங்கையோட வா."